போர்க்காட்சிக்கு ஒலி சேர்க்கும் மகளுக்கு

வடபழனி, ஞாயிறு

அன்புள்ள கயல்,

இங்கே எல்லோரும் நலம். அம்மாவுக்கு முட்டிவலி கொஞ்சம் தேவலை. பெரியம்மா விஷயம் ஒருவழியாக முடிந்தது, அதை அம்மாவே சொல்வாள். செந்தில் உன்னோடு பேசியதாகச் சொன்னான். என்ன பேசினீர்கள் என்று நான் கேட்கவில்லை.

நீ வேலை செய்கிற படத்தைப் பற்றி வெளியில் பேசக்கூடாது என்று கையெழுத்துப் போட்டிருக்கிறாய், அதுவும் தெரியும். அதனால் உன் படத்தை விட்டுவிடுகிறேன். எல்லோரும் பார்த்த ஒரு படத்தைப் பற்றி எழுதுகிறேன். 1998-இல் வந்த ‘சேவிங் பிரைவேட் ரையன்’. போர்ப்படம் எடுக்கிற டைரக்டர் எவரும் சவுண்ட் ஆட்களை உட்காரவைத்து முதலில் போட்டுக்காட்டுவது அதைத்தான். உனக்கும் காட்டியிருப்பார்கள்.

இரண்டாம் உலகப்போரில், 1944 ஜூன் 6 அன்று, அமெரிக்கப் படை கரையேறிய நார்மண்டியின் ஒமாஹா கடற்கரை. ஏறத்தாழ 24 நிமிடக் காட்சி. எடுத்தது பிரான்ஸில் இல்லை, அயர்லாந்தின் வெக்ஸ்ஃபோர்டு பகுதியில், பாலினெஸ்கர் கடற்கரையில், 1997-இல். சிப்பாய்களாக ஓடியவர்களில் பலர் அயர்லாந்து ரிசர்வ் படைக்காரர்கள். கை கால் பறப்பதைக் காட்ட, முன்பே கை கால் இழந்தவர்களைத் தேடிப்பிடித்து நடிக்கவைத்தார்கள். இதெல்லாம் உனக்குத் தெரியும். எனக்கும் தெரியும். தெரிந்தவர்களையும் அந்தக் காட்சி விடுவதில்லை என்பதுதான் நான் சொல்ல வந்தது.

ஏன் விடுவதில்லை? ஒளிப்பதிவாளர் ஜானுஸ் காமின்ஸ்கி கேமராவின் ஷட்டர் திறக்கிற கோணத்தை வழக்கமான 180 டிகிரியிலிருந்து 90-க்கும் 45-க்கும் குறைத்தார். விநாடிக்கு 24 ஃபிரேமில், 180 என்றால் ஒவ்வொரு ஃபிரேமும் விநாடியில் 48-இல் ஒரு பங்கு நேரம் வெளிச்சம் வாங்கும். 45 என்றால் 192-இல் ஒரு பங்குதான். அசைவில் இருக்கிற கலங்கல் போய்விடும். தெறிக்கிற மண் கட்டி கட்டியாகத் தெரியும், ஓடுகிறவன் வெட்டி வெட்டி ஓடுவான். லென்ஸின் மேல்பூச்சை எடுத்தார், நிறத்தை வடித்தார். பிக்சர் பற்றி இது போதும். நம் வேலை சத்தம்.

அந்தக் காட்சியில் இசை கிடையாது. இசையமைப்பாளர் ஜான் வில்லியம்ஸ் கையில் இருந்தும் போடவில்லை. இசை இருந்தால் எப்போது பயப்பட வேண்டும், எப்போது மூச்சு விடலாம் என்று அது முன்னால் போய்ச் சொல்லிக்கொண்டிருக்கும். அந்தத் துணையை எடுத்துவிட்டார்கள். ஒலி வடிவமைப்பாளர் கேரி ரைட்ஸ்ட்ராமின் குழு அந்தக் காலத்துத் துப்பாக்கிகளையே சுட்டுப் பதிவு செய்தது. ஒலிக்கலவைக்கும் ஒலி எஃபெக்ட்ஸ் எடிட்டிங்குக்கும் தனித்தனியாக ஆஸ்கர் வாங்கிய படம் அது. வாங்கவேண்டிய படம்தான்.

ஜெர்மன் எம்.ஜி.42 இயந்திரத் துப்பாக்கி நிமிடத்துக்கு ஏறத்தாழ 1,200 ரவை சுடும். விநாடிக்கு 20. காது அதைத் தனித்தனி வெடியாகப் பிரிக்காது, புதுத் துணியைக் கிழிக்கிற மாதிரி ஒரே இழுப்பாகத்தான் கேட்கும். ரவை சத்தத்தைவிட வேகமாகப் போவதால், குறிவைக்கப்பட்டவனுக்கு முதலில் கேட்பது காற்று பிளக்கிற ‘சடக்’. துப்பாக்கியின் ‘தும்’ பின்னால்தான் வரும், 340 மீட்டர் தூரத்துக்கு ஏறக்குறைய ஒரு விநாடி எடுத்துக்கொண்டு. ஒமாஹா காட்சியில் நம் காது பெரும்பாலும் ரவை வந்து விழுகிற பக்கத்தில் இருக்கிறது. இரும்பில் விழுவது, ஈரமணலில் விழுவது, தண்ணீருக்குள் பாய்வது, உடம்பில் இறங்குவது, நான்குக்கும் நான்கு சத்தம். சாதாரண சண்டைப் படத்தில் சுடுகிறவன் பக்கத்துச் சத்தத்தைப் பெரிதாக்குவோம், பார்க்கிறவனுக்குத் தெம்பு வரும். இங்கே அது தலைகீழ்.

பிறகு அதே காட்சியில், டாம் ஹாங்க்ஸ் நடித்த கேப்டனின் காது அடைத்துப்போகிற இடம். 1985-இல் எலெம் கிளிமோவ் எடுத்த சோவியத் படம் ‘கம் அண்ட் ஸீ’யிலும், குண்டு விழுந்ததும் பையனின் காது ரீங்கரிக்க, உலகம் தூரமாகப் போய்விடும். பார்க்கிறவர்கள் அதை ஓய்வு என்று நினைப்பார்கள். சத்தம் குறைந்ததும் காது திறந்துகொண்டு காத்திருக்கும், முழுச் சத்தமும் திரும்புகிற அந்த ஒரு கட் அதனால்தான் அப்படி விழுகிறது.

உடம்பு என்ன செய்கிறது என்று பார். திடீர்ச் சத்தத்துக்கு ஒரு விநாடியில் 20-இல் ஒரு பங்குக்குள் கண் சிமிட்டிவிடும், தோள் சுருங்கத் தொடங்கும். யோசனை வருவதற்கு முன்பே முடிந்துவிடுகிற காரியம். நடுக்காதில் இருக்கிற சின்னத் தசை இறுகிக் காதைக் காக்கப் பார்க்கும், ஆனால் துப்பாக்கிச் சத்தம் அதற்குள் உள்ளே போய்விடும். அந்த எஃபெக்டை வைத்ததே நீதான் என்பது மூளையின் அந்த மூலைக்குத் தெரியாது. ஏற்கெனவே பதற்றத்தில் இருக்கிற உடம்பு இன்னும் பலமாகத் திடுக்கிடும். இருட்டிலும் மனிதர்கள் கூடுதலாகத் திடுக்கிடுவார்கள், இதைச் சோதித்தே பார்த்திருக்கிறார்கள். எடிட் ரூமை எல்லோரும் இருட்டாகத்தான் வைத்திருப்பீர்கள். விளக்கைப் போட்டுக்கொண்டு வேலை செய். ராத்திரியில் செய்யாதே.

வெடியைவிட மோசம் குரல். அலறலில் சத்தத்தின் அளவு விநாடிக்கு 30 முதல் 150 தடவை வரை ஏறி இறங்குகிறது. சாதாரணப் பேச்சில் அந்தச் சொரசொரப்பு இருக்காது. மூளையில் அபாயத்தை உணர்கிற பகுதியைத் தட்டுவது அதுதான் என்று 2015-இல் ஒரு ஆய்வு வந்தது. அந்தக் கடற்கரையில் வயிறு பிளந்து கிடக்கிற பையன் அம்மா அம்மா என்கிறானே, அந்த டிராக்கை மியூட் பண்ணிவிட்டுப் பார்த்தால் காட்சியின் பாதி பலம் போய்விடும். அதனால்தான் சொல்கிறேன், நீ வேலை செய்யும்போது அலறல் டிராக் கடைசியில் உள்ளே வரட்டும்.

படம் வந்தபோது அமெரிக்காவில் நிஜமாகவே போருக்குப் போய்வந்த கிழவர்கள் தியேட்டரில் உட்கார முடியாமல் எழுந்து போனார்கள். முன்னாள் படைவீரர்களைக் கவனிக்கிற அரசுத் துறை அவர்களுக்காகத் தொலைபேசி ஆலோசனை ஏற்பாடு செய்தது. ஐம்பது வருஷம் கழித்தும் அவர்கள் உடம்பு மறக்கவில்லை. அவர்களை யாரும் கோழை என்று சொல்லவில்லை.

தியேட்டரில் பார்க்கிறவர் ஒரு தடவை பார்த்துவிட்டு வெளியே வந்து டீ குடிப்பார். அவருக்கு அது வலிக்கத்தான் வேண்டும், போரை வேடிக்கையாகக் காட்டுகிற படத்தைவிட இது நேர்மையான வேலை. ஆனால் நீ அதே நாற்பது விநாடியை வாரக்கணக்கில் கேட்கிறாய். உனக்கும் அது வலிக்கவேண்டும் என்று எந்த நியாயமும் இல்லை.

இன்னொன்று. அசல் மாதிரி வேண்டும் என்று நிஜப் போர் வீடியோக்களை ரெஃபரன்ஸாகக் கொடுத்திருப்பார்கள், ஹெல்மெட் கேமராவில் எடுத்தவை. செந்தில் சொல்லவில்லை, இந்தக் காலத்தில் எல்லா இடத்திலும் நடப்பதுதான். படத்தில் செத்தவன் எழுந்துபோய்ச் சாப்பிட்டான் என்று மனதுக்குச் சொல்லலாம். நிஜ வீடியோவில் அப்படிச் சொல்ல வழியில்லை. 2013-இல் அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் வெளியிட்ட டி.எஸ்.எம்.-5 கையேட்டில், டிவியிலும் சினிமாவிலும் பார்ப்பதை அதிர்ச்சிக் கோளாறுக்கான காரணமாக எடுத்துக்கொள்ளக் கூடாது என்று எழுதிவிட்டு, வேலைக்காகப் பார்த்தால் தவிர என்று ஒரு விலக்கு வைத்திருக்கிறார்கள். வேலைக்காகத் திரும்பத் திரும்பப் பார்ப்பது வேறு விஷயம் என்பதை மருத்துவர்களே ஒப்புக்கொண்டுவிட்டார்கள். நீ ஒப்புக்கொள்வதில் என்ன வெட்கம்?

செய்தி அறைகளில் செய்கிற முறையைச் செய். முதலில் சத்தம் இல்லாமல், சின்ன விண்டோவில், கலரை எடுத்துவிட்டுப் பார். பிறகு பிக்சரை மூடிவிட்டுச் சத்தத்தை மட்டும் கேள். நமக்கு வேண்டியது ரவையின் தூரமும் எதிரொலியும்தான், முகம் வேண்டியதில்லை. குறித்துக்கொண்டதும் ஃபைலை மூடு, டெஸ்க்டாப்பில் விட்டுவைக்காதே.

எடிட் பண்ணும்போது எல்.எஃப்.இ. சானலை மியூட்டில் வை. நெஞ்சில் அடிக்கிற அந்தத் தாழ்ந்த சத்தம் பிக்சரோடு பொருந்துகிறதா என்று சிங்க் பார்க்கத் தேவையே இல்லை. வெடியின் முதல் உச்சி வேவ்ஃபார்மிலேயே கண்ணுக்குத் தெரியும், கண்ணால் வெட்டு, கடைசியில் ஒரு தடவை கேட்டுச் சரிபார். 85 டெசிபல் என்பது தியேட்டர் மிக்ஸுக்கான அளவு. உன் அறை சின்னது, 79 போதும், வெட்டுகிற வேலைக்கு அதையும் இறக்கலாம். லூப்பில் ஓடவிட்டு யோசிக்காதே, நிறுத்திவிட்டு யோசி. எலும்பு முறிகிற ஃபோலிக்கு, அதாவது ஸ்டுடியோவில் கையால் உண்டாக்கிப் பதிவு செய்கிற சத்தத்துக்கு, செலரித் தண்டையும் முட்டைக்கோஸையும் உடைக்கிற நாளில் ஒரு தடவையாவது நீயே போய் உன் கையால் உடை. காதுக்கு அது காய்கறிதான் என்று பழக்கப்படும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எழுந்து வெளியே போ, ஹெட்ஃபோன் இல்லாமல். ராத்திரி இந்த ரீலைத் தொடாதே. டயலாக் ரீல் எதையாவது வைத்துக்கொள், காதலோ கல்யாணமோ எதுவாவது இருக்கும்.

தூக்கம் கெடுவது, கனவில் வருவது, குக்கர் விசிலுக்குத் தூக்கிவாரிப்போடுவது, இதெல்லாம் சில நாள் இருந்து போகும். ஒரு மாதத்துக்கு மேல் போனால் டாக்டரைப் பார்க்கவேண்டும், தானாகச் சரியாகும் என்று உட்காரக் கூடாது. டெலி மானஸ் என்று அரசின் மனநல உதவி எண் இருக்கிறது, 14416. இருபத்துநான்கு மணி நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். பெயர் சொல்ல வேண்டியதில்லை. பொதுவாகச் சொல்லி வைக்கிறேன்.

போன படத்தில் ரோலிங் டைட்டிலில் உன் பெயர் வருவதற்குள் லைட்டைப் போட்டுவிட்டார்கள். கூட்டம் போகும்வரை அம்மா நின்று படித்துவிட்டுத்தான் வந்தாள். உன் காதின் மேல் எனக்கு எந்தச் சந்தேகமும் இல்லை. அப்படிப்பட்டவள் பொங்கலுக்கும் வரவில்லை, நான் அனுப்புகிற மெசேஜுக்குக் கட்டைவிரலை மட்டும் காட்டுகிறாய். வேலை என்கிறாய். வேலை இருக்கும். இரண்டு நிமிடம் பேச முடியாத அளவுக்கு எந்த மிக்ஸும் இருந்ததில்லை கயல்.

தனியாக அந்த அறையில் உட்காராதே. அசிஸ்டென்டை உள்ளே வைத்துக்கொள், சும்மாவாவது இருக்கட்டும். சூப்பர்வைசரிடம் கேட்டால் ரீலை மாற்றிக் கொடுப்பார்கள், கேட்பதால் யாருடைய பெயரும் கெட்டதில்லை. முக்கியமாக ராத்திரி வேண்டாம்.

அம்மா எள்ளுப்பொடியும் நார்த்தங்காயும் கூரியரில் போட்டிருக்கிறாள். ஃபைனல் மிக்ஸ் எந்த வாரம் என்று மட்டும் எழுது, படத்தின் பெயர் வேண்டாம். அதற்கு முந்தைய வாரத்துக்கு எங்கள் இருவருக்கும் மும்பை வண்டியில் டிக்கெட் பார்க்கிறேன். உன் வீட்டில் இடமில்லை என்று சொல்லாதே, நாங்கள் ஹாலில் படுத்துக்கொள்வோம்.

உன்
அப்பா