அல்ஜீரியாவில் பிரெஞ்சு ராணுவம்

மதிப்பிற்குரிய ஆசிரியருக்கு,

ஆள்பலமும் ஆயுதபலமும் இருந்தால் கெரில்லாப் படையை ஒடுக்கிவிடலாம் என்று வாதிடுவோர், 1954 நவம்பர் 1 அன்று மூண்ட அல்ஜீரிய விடுதலைப் போரில் பிரெஞ்சு ராணுவம் பட்ட பாட்டைக் கருத வேண்டும். படைபலத்தில் அந்த ராணுவம் தோற்கவில்லை என்பதே வியப்பு. 1957இல் துனிசிய எல்லை நெடுக, மின்சாரம் பாய்ந்த முள்வேலியும் கண்ணிவெடிகளும் கொண்ட மோரிஸ் அரண் எழுந்தது. கம்பி எங்கே அறுபட்டாலும் அந்த இடம் உடனே தெரிந்துவிடும், ரோந்துப் படை விரைந்துவிடும். வெளியிலிருந்து ஆயுதம் வருவது அதனால் பெருமளவு தடைபட்டது. அதே ஆண்டில் ஜெனரல் மாஸ்யூவின் பாராசூட் படையினர் அல்ஜியர்ஸ் நகரில் போராளிகளின் அமைப்பைச் சிதைத்தனர். ஆனால், அதற்குக் கையாண்ட சித்திரவதையைக் கண்டித்துப் பதவியிலிருந்து விலகக் கோரிய ஜெனரல் பொல்லார்தியேருக்குக் கிடைத்தது 60 நாள் கோட்டைக் காவல். (குற்றம் செய்தவர்களுக்கு அதுகூடக் கிடைக்கவில்லை.) கிராமங்களைக் காலிசெய்து சுமார் 20 லட்சம் பேரை முகாம்களில் அடைத்ததால், நடுநிலையில் இருந்தவர்களும் பகைவர்களாயினர். 1959இல் மாபெரும் தாக்குதல்களைத் திட்டமிட்டு நடத்திய ஜெனரல் ஷால், 1961 ஏப்ரலில் தம் அரசுக்கு எதிராகவே கலகத்துக்குத் தலைமை தாங்கினார். அது சில நாட்களிலேயே அடங்கியது. மறு ஆண்டு மார்ச் 18 அன்று, பயங்கரவாதிகள் என்று இகழப்பட்டவர்களுடன் பிரான்ஸ் எவியான் நகரில் உடன்பாடு செய்துகொண்டது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்