39 சதவீத வரம்பும் பாதிக் கணக்கும்

ஆசிரியருக்கு,

அமெரிக்க உள்ளூர்த் தொலைக்காட்சி நிலையங்கள் ஒரு சிலர் கைக்குப் போவதைப் பற்றி எழுதும்போது, 39 சதவீத வரம்பைச் சொல்வதோடு நிறுத்தக் கூடாது. நாட்டின் 39 சதவீத வீடுகளுக்கு மேல் ஒரே நிறுவனத்தின் நிலையங்கள் எட்டக் கூடாது என 2004இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் வகுத்தது. ஆனால் யுஎச்எஃப் எனும் மிகை உயர் அதிர்வெண் அலைவரிசையில் ஒளிபரப்பும் நிலையம் எட்டும் வீடுகளில் பாதியே கணக்கில் சேரும். அந்த அலைவரிசை பலவீனமாயிருந்த 1985இல் ஒளிபரப்பு உரிமங்களைத் தரும் அரசு அமைப்பான எஃப்சிசி தந்த சலுகை இது. 2009இல் ஒளிபரப்பு டிஜிட்டலுக்கு மாறியதும் அந்தக் காரணமே போய்விட்டது. 2016இல் எஃப்சிசி சலுகையை நீக்கியது, மறு ஆண்டே திரும்பக் கொண்டுவந்தது. 60 சதவீத வீடுகளை யுஎச்எஃப் வழியே எட்டும் நிறுவனத்துக்கு ஏட்டில் 30தான்! இது அநியாயம்.

வரம்பைத் தாண்ட இன்னொரு வழி, உரிமத்தைச் சிறு நிறுவனத்தின் பெயரில் வைத்துவிட்டு, விளம்பர விற்பனையையும் செய்தித் தயாரிப்பையும் பெரிய நிறுவனம் நடத்துவது. உரிமதாரர் பெயரைப் பார்த்தால் இது தெரியாது. நிலையங்கள் இணையத்தில் வைக்கும் பொதுக் கோப்பில் இந்த ஏற்பாட்டை எழுதிவைக்கும் சேவைப் பகிர்வு ஒப்பந்தத்தைத் தேடிப் படிக்க வேண்டும்.

— ஒரு வாசகர்