கேலி பண்ண வேண்டியது க்ளோனிங்கை இல்லீங்க

ஆசிரியருக்கு வணக்கம்,

போன இதழ்ல பழைய ஹாலிவுட் சயின்ஸ் ஃபிக்‌ஷன் படங்களப் பத்தி வந்த கட்டுரை படிச்சேன், நல்லாத்தான் இருந்துச்சு, ஆனா மத்த படத்துக்கெல்லாம் பக்கம் பக்கமா எழுதிட்டு 1978ல வந்த 'த பாய்ஸ் ஃப்ரம் பிரேசில்' படத்த மட்டும் ஹிட்லருக்கு ஜெராக்ஸ் எடுக்குற காமெடின்னு நாலே வரியில ஊதித் தள்ளிட்டாரு கட்டுரையாளர். படத்த பாதியிலயே ஆஃப் பண்ணிட்டாரோன்னு சந்தேகமா இருக்கு. படம் பாக்காதவங்க மன்னிச்சுக்கோங்க, கதைய முழுசா சொல்லாம இத பேச முடியாது.

பராகுவேல ஒளிஞ்சிருக்கிற ஆஷ்விட்ஸ் நாஜி வதை முகாம் டாக்டர் மெங்கெலே, 94 பேரக் கொல்லச் சொல்லி ஐரோப்பாவுக்கும் அமெரிக்காவுக்கும் ஆள் அனுப்புறான். அத்தன பேரும் 65 வயசு ஆளுங்க, கவர்மெண்ட் உத்தியோகம், அரசியல்ல ஒரு சம்பந்தமும் இல்லாதவங்க. இவங்கள எதுக்குக் கொல்லணும்? வியன்னால இருந்துகிட்டு நாஜிங்களத் தேடுற லீபர்மேன் துப்பு துலக்கப் போறாரு. செத்தவர் வீட்ல ஒரு பையன், கருப்பு முடி, வெளிறுன நீலக் கண்ணு, மூஞ்சியில அடிச்ச மாதிரி பேச்சு. கடல் தாண்டி இன்னொரு வீட்டுக்குப் போனா அங்கயும் அதே பையன். முன்கூட்டி கதை தெரிஞ்சிருந்தாலும் அந்த இடம் பகீர்னுதான் இருக்கு.

அந்தப் பசங்க எல்லாருமே ஹிட்லரோட செல்ல வச்சு மெங்கெலே க்ளோனிங் பண்ணி, அதாவது நகலெடுத்து, உண்டாக்கினவங்க. இப்ப கட்டுரையாளர்கிட்ட ஒரே ஒரு கேள்வி. ஜெராக்ஸ்தான்னா பையன் பொறந்தப்பவே வேலை முடிஞ்சு போச்சே, அப்புறம் எதுக்கு 94 கொலை? அங்கதான் கதையே இருக்கு. ஹிட்லரோட அப்பா அலாய்ஸ் சுங்கத்துறையில வேலை பாத்தவரு, பொண்டாட்டி கிளாராவ விட 23 வயசு பெரியவரு, 1903 ஜனவரியில 65 வயசுல செத்தாரு, அப்ப பையனுக்கு 13 முடிஞ்சு 14 நடக்குது. மெங்கெலே அதே மாதிரி குடும்பமா பாத்து, அதே மாதிரி வயசு வித்தியாசத்துல ஜோடி தேடி குழந்தைங்கள தத்துக் குடுக்க வைக்கிறான், நேரம் வந்ததும் அப்பாவ சாகடிக்கிறான். அதாவது மரபணு மட்டும் போதாது, வளந்த வீடும் வேணும்னு அந்த வில்லனே ஒத்துக்கிறான். நாலு வரியில கேலி பண்ணினவருக்கு இது தெரியாமப் போச்சே!

கடைசியில அந்தப் பசங்க பேரு இருக்கிற லிஸ்ட்ட லீபர்மேன் எரிக்கிறத வேற சப்பை க்ளைமாக்ஸ்னு எழுதியிருக்காரு. பசங்கள எல்லாம் தீத்துக் கட்டணும்னு ஒரு யூத இளைஞன் லிஸ்ட் கேக்குறான், இவரு தர மாட்டேன்றாரு. தந்திருந்தா ரத்தத்துலயே எல்லாம் எழுதியிருக்குன்னு மெங்கெலே சொல்றத ஒத்துக்கிட்ட மாதிரி ஆயிடாதா? அதுக்கு முன்னாடி அமெரிக்கப் பையன், அப்பாவக் கொன்னது இந்த ஆளுதான்னு தெரிஞ்சதும் டாபர்மேன் நாய்ங்கள மெங்கெலே மேல ஏவி விடுறான். தான் உண்டாக்கினவன் கையாலயே சாவு. ஆனா அதே பையன் அப்புறம் டார்க் ரூம்ல உக்காந்து அந்தப் பொணத்தோட போட்டோவ கழுவி ரசிச்சுப் பாக்குறான், அதனால எரிச்சது சரியா தப்பான்னு படம் தீர்ப்பு சொல்லல, நம்ம தலையில கட்டிட்டு முடிஞ்சு போயிடுது. இது சப்பையா சார்?

அறிவியல்ல ஓட்டை இல்லையான்னா இருக்கு. ஹிட்லர் உயிரோட இருந்தப்ப எடுத்த செல்ல இருபது வருஷம் கெடாம வச்சிருந்ததா கதை, ஆனா கிளிசரால் சேத்து செல்ல உயிரோட உறைய வைக்கலாம்னே 1949லதான் கண்டுபிடிச்சாங்க, ஹிட்லர் செத்தே நாலு வருஷம் ஆச்சு. இதச் சொல்லி கிண்டல் பண்ணியிருந்தா நானும் சேந்து சிரிச்சிருப்பேன். ஆனா முட்டையோட உட்கருவ ஒழிச்சிட்டு வேற செல்லோட உட்கருவ வைக்கிறதா விஞ்ஞானியா நடிச்ச புரூனோ கான்ஸ் படத்துல விளக்குறாரே, 1996ல ஸ்காட்லாந்துல க்ளோனிங் பண்ணி டாலி ஆட்டுக்குட்டிய உண்டாக்கின அடிப்படையும் அதுதான். 277 தடவ முட்டையோட செல்ல இணைச்சு, தேறினது ஒரே ஒரு குட்டி. மெங்கெலே 94 பசங்கள தேத்தினானாம், அது வேணா காமெடி.

படத்துல நெஜமாவே உதைக்கிறது மெங்கெலேவ காட்டுன விதம். அவனா நடிச்ச கிரிகரி பெக்குக்கு வெள்ளை கோட்டு சூட்டு, காட்டுக்குள்ள மாளிகை, விருந்துல எல்லாரும் பாக்க தன் ஆளு மேலயே பாயுறதுன்னு பெரிய சக்கரவர்த்தி ரேஞ்சுக்கு பில்டப். நெஜ மெங்கெலே அப்ப எங்க இருந்தான்? படம் ரிலீஸ் ஆன 1978 அக்டோபர்ல அவன் உயிரோடதான் இருந்தான், பிரேசில்ல சாவோ பாலோ ஓரத்துல ஒரு சின்ன வீட்ல, உடம்புக்கு முடியாம, யார் கதவத் தட்டுவாங்களோன்னு பயந்துகிட்டு. நாலு மாசம் கழிச்சு, 1979 பிப்ரவரி 7ந் தேதி, பெர்டியோகா கடற்கரையில குளிக்கும்போது பக்கவாதம் வந்து முங்கிட்டான். வேற ஒருத்தன் பேர்ல, வுல்ஃப்கேங் கெர்ஹார்டுன்னு, எம்பு ஊர்ல புதைச்சிட்டாங்க. அது தெரியாம உலகமே இன்னும் ஆறு வருஷம் பராகுவேல தேடிச்சு. லீபர்மேனுக்கு முன்மாதிரின்னு சொல்ற நெஜ நாஜி வேட்டைக்காரர் சைமன் வீசென்தாலும் பராகுவேலதான் இருக்கான்னு சொல்லிக்கிட்டு இருந்தாரு. 1985 ஜூன்ல குழியத் தோண்டி எலும்ப எடுத்தாங்க, 1992ல மகனோட ரத்தத்த வச்சு டிஎன்ஏ பாத்து அவன்தான்னு உறுதி பண்ணாங்க. அந்த எலும்பு அப்புறம் சாவோ பாலோ பல்கலைக்கழகத்துல தடயவியல் மாணவங்களுக்கு பாடம் நடத்தப் போயிடுச்சு. இரட்டைக் குழந்தைங்கள வச்சு ஆராய்ச்சி பண்ணினவன் கதி அது. இத ஒரு பெட்டிச் செய்தியா போட்டிருந்தா கட்டுரை எங்கயோ போயிருக்கும்.

லாரன்ஸ் ஒலிவியர் பேரு கூட காணோமே! ரெண்டு வருஷம் முன்னாடிதான் 'மாரத்தான் மேன்'ல பல்லத் துளைக்கிற நாஜி டாக்டரா மிரட்டுனாரு, இதுல தளர்ந்து போன நாஜி வேட்டைக்கார கெழவரா வர்றாரு, ரெண்டுக்கும் ஆஸ்கர் பரிந்துரை. இயக்குநர் பேரும் இல்ல, ஃப்ராங்க்ளின் ஷாஃப்னர், 'பிளானெட் ஆஃப் தி ஏப்ஸ்' எடுத்தவரு, அதே கட்டுரையில அந்தப் படத்த ஆஹா ஓஹோன்னு புகழ்ந்திருக்காரு, ரெண்டும் ஒரே ஆளோடதுன்னு தெரியாம எழுதினாரா என்னன்னு தெரியல. அடுத்த இதழ்ல ஒரு வரியாவது சேத்துப் போட்டுடுங்க.

இப்படிக்கு,
உங்கள் நீண்டகால வாசகர்,
கும்பகோணம்