எண்ணூரில் குனிந்து பார்

அன்பு நண்பா,

கடிதம் கிடைத்தது. சென்னை வரும்போது எண்ணூர்ப் பக்கம் ஒரு நாள் சுற்ற வேண்டும், எதைப் பார்ப்பது என்று கேட்டிருந்தாய். எல்லாரும் அனல் மின் நிலையத்தின் புகைபோக்கியைத்தான் அண்ணாந்து பார்க்கிறார்கள். நீ தரையோடு ஓடும் சாம்பல் குழாய்களைப் பார்.

ஒரு யூனிட் மின்சாரத்துக்குச் சுமார் 0.7 கிலோ நிலக்கரி வேண்டும். வட சென்னை அனல் மின் நிலையத்தின் இரண்டாம் கட்டத்தில் 600 மெகாவாட் எந்திரங்கள் இரண்டு. ஒன்று முழு வீச்சில் ஓடினாலே நாளுக்குப் பத்தாயிரம் டன் கரி. நம் நாட்டுக் கரியில் 30 முதல் 40 சதவீதம் சாம்பல். ஆக, தினமும் ஏறக்குறைய 3,500 டன். கரி பாரதீப்பிலிருந்து கப்பலில் காமராஜர் துறைமுகம் வந்து கன்வேயரில் உள்ளே போய்விடும். சாம்பலை வெளியேற்றுவதுதான் பெரும்பாடு.

நுண்சாம்பலில் ஒரு பகுதியை சிமென்ட், செங்கல் வேலைக்கு லாரிகள் உலர்வாகவே அள்ளிப் போகின்றன. மீதியைத் தண்ணீரில் கலந்து குழம்பாக்கி சாம்பல் குளத்துக்குத் தள்ளுகிறார்கள். சாம்பலில் சிலிக்கா அதிகம். உப்புத்தாள் மாதிரி தேய்க்கும். கனத்த துகள்கள் அடியில் உரசிப் போவதால் குழாயின் அடிப்பக்கம் முதலில் மெலியும். அவ்வப்போது குழாயைச் சுழற்றிப் போட வேண்டியது அதனால்தான், தள்ளிப்போட்டால் பொத்துக்கொள்ளும். வளைவுகளில் இன்னும் சீக்கிரம். ஓட்டம் வேகமானால் தேய்மானம், மெதுவானால் படிந்து அடைப்பு. பம்பை நிறுத்துமுன் வெறுந்தண்ணீர் விட்டு அலசாவிட்டால், அடுத்த முறை ஓட்டும்போது இணைப்பே பிய்த்துக்கொள்ளும். உப்புக்காற்று வெளிப்பக்கத்தை அரிப்பது தனிக்கதை.

கசிந்ததெல்லாம் கொசஸ்தலையாற்றில்தான் இறங்கியது. படிந்து இறுகி ஆழத்தையே தின்றுவிட்டது. இறாலும் நண்டும் பிடிக்கிறவர்கள் வயிற்றில் அடித்த விவகாரம் பசுமைத் தீர்ப்பாயம் வரை போனது.

சென்ட்ரலிலிருந்து கும்மிடிப்பூண்டி மின்ரயிலில் ஏறு. கத்திவாக்கம் தாண்டும்போது பழைய எண்ணூர் அனல் மின் நிலையத்தை நினைத்துக்கொள்: 450 மெகாவாட், 2017இல் மூடினார்கள். முகத்துவாரத்துக்கு எண்ணூரில் இறங்கு. வட சென்னை நிலையத்துக்கும் வல்லூர் அனல் மின் நிலையத்துக்கும் அத்திப்பட்டு புதுநகரில் இறங்கு. அனுமதி இல்லாமல் துறைமுகத்துக்குள்ளோ நிலையங்களுக்குள்ளோ விடமாட்டார்கள். பொதுச்சாலையும் பாலமுமே போதும்.

நீர் வற்றியிருக்கும் நேரமாகப் பார்த்துப் போ. கறுப்பாக நாறுவது ஆற்றின் சொந்தச் சேறு. வெளிறிப்போய் மாவு மாதிரி வழவழவென்று இருப்பது குழாயிலிருந்து வந்தது.

அன்புடன்,
உன் பழைய நண்பன்