அயோர்ட்டாவையும் அளந்து சொல்லுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

இருதய வால்வு ஆபரேஷன் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரை நன்றாக இருந்தது. ஆனால், ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்தபின் என்ன என்பதை இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். எங்களுக்குச் சோதனை வந்ததே அதற்கப்புறம்தான்.

இருதயத்திலிருந்து உடம்புக்கு ரத்தம் கொண்டுபோகும் பெரிய குழாய்தான் அயோர்ட்டா, தமிழில் மகாதமனி. அதன் வாசலில் இருப்பது அயோர்ட்டிக் வால்வு. என் வீட்டுக்காரருக்குப் பிறவியிலேயே அந்த வால்வில், கதவு மாதிரி திறந்து மூடும் மூன்று இதழுக்குப் பதில் இரண்டு. நூற்றில் ஒருவருக்காவது இப்படி இருக்குமாம். செயற்கை வால்வு வைத்தார்கள். மாதாமாதம் ஐ.என்.ஆர். (ரத்தம் உறைய எவ்வளவு நேரமாகிறது என்று காட்டும் டெஸ்ட்) பார்த்து நாற்பது பக்க நோட்டில் எழுதி வந்தேன். ஒரு மாதம்கூடத் தவறியதில்லை. ஆனால் இப்படி இரண்டு இதழோடு பிறந்தவர்களுக்கு வால்வுக்கு மேலே உள்ள மகாதமனியின் சுவரும் பலவீனமாக இருக்கலாம், வால்வை மாற்றிய பிறகும் அது மெல்ல மெல்ல வீங்கலாம் என்று எங்களிடம் யாரும் சொல்லவில்லை. டிஸ்சார்ஜ் சம்மரியின் மூன்றாம் பக்கத்தில் '4.3 செ.மீ.' என்று ஓர் எண் இருந்தது. அது மகாதமனியின் அகலம் என்று எங்களுக்குப் புரிய ஆறு வருஷம் ஆனது.

ஒருநாள் விடியற்காலை, இரண்டு தோள்பட்டைக்கும் நடுவே கிழிக்கிற மாதிரி வலி. ஈ.சி.ஜி. சரியாக இருக்கிறது, வாயுதான் என்று பக்கத்து ஆஸ்பத்திரியில் ஊசி போட்டார்கள். அங்கே இருந்த ஒரு இளம் டாக்டர் மட்டும் நெஞ்சுத் தழும்பைப் பார்த்துவிட்டு, இரண்டு கையிலும் பிரஷர் எடுத்தார். வலது கையில் 170, இடது கையில் 120. உடனே சி.டி. ஸ்கேனுக்கு அனுப்பினார். மகாதமனியின் உள்சுவர் கிழிந்து, அடுக்குகளுக்கு நடுவே ரத்தம் இறங்கியிருந்தது. தாமதிக்கும் ஒவ்வொரு மணிக்கும் நூற்றுக்கு ஒன்றிரண்டு உயிரைக் கொண்டுபோகும் நோய் இது. அன்றே மறுபடி நெஞ்சைத் திறந்து, அந்தப் பகுதியை எடுத்துவிட்டுச் செயற்கைக் குழாய் பொருத்தினார்கள். அந்த டாக்டரை நினைக்காத நாளில்லை.

இப்போது வருஷம் ஒரு ஸ்கேன், தினமும் பிரஷர். கேஸ் சிலிண்டர் மாதிரி கனமான எதையும் தூக்க விடுவதில்லை. சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாடிக் வேண்டாம் என்று எந்த டாக்டரிடமும் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். மகாதமனி வீங்கியவர்களுக்கு அது ஆபத்து என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2018-லேயே எச்சரித்திருக்கிறது.

வால்வு ஆபரேஷன் செய்யும் ஆஸ்பத்திரிகள் அயோர்ட்டா எவ்வளவு அகலம், அடுத்த ஸ்கேன் எப்போது, எப்படிப்பட்ட வலி வந்தால் ஓடி வரவேண்டும் என்பதை முதல் பக்கத்தில் தமிழில் எழுதித் தரவேண்டும். பொதுவாக 5.5 செ.மீ. வந்தால், சிலருக்கு அதற்கு முன்பே, ஆபரேஷன் செய்யச் சொல்வார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்லட்டும்.

இது குடும்பத்தில் தொடரக்கூடியது என்று கேள்விப்பட்டு, மகனுக்கும் கொழுந்தனாருக்கும் எக்கோ எடுத்தோம். மகனுக்கு ஒன்றுமில்லை. கொழுந்தனாருக்கும் இரண்டு இதழ்தான், அயோர்ட்டா 4.1 செ.மீ. வரும் தை மாதம் மறுபடி பார்க்கச் சொல்லியிருக்கிறார்கள்.

- ஒரு வாசகி, கும்பகோணம்