கெஃபியோன் கேட்டாச்சு, மகள்

முரசுமோட்டை

அன்பு மகளுக்கு,

நீ வைபரில் அனுப்பின, கிற்றார்காரர் யாக்கொப் ப்ரோவின் "கெஃபியோன்" என்ற ஜாஸ் அல்பத்தை முழுதாகக் கேட்டாச்சு. "அப்பா, உங்களுக்குப் பிடிக்கும், ஆனால் பொறுமை வேணும்" என்று எழுதியிருந்தாய். வன்னியில் வயல் செய்கிறவனுக்கு நீ பொறுமை படிப்பிக்கத் தேவையில்லை, அது கொம்மாவுக்குத்தான் இல்லை. முதல் நாள் போனை மேசையில் வைத்து ஸ்பீக்கரில் போட்டேன். நல்ல நேரம் ஓடின பிறகு அடுப்படியில் இருந்து எட்டிப் பார்த்து, "பாட்டு எப்ப தொடங்கும்?" என்று கேட்டா. "கண்டறியாத ஜாஸ்" என்று சொல்லிவிட்டுப் போய்ச் செத்தல் மிளகாய் வறுக்கத் தொடங்கிவிட்டா, எல்லாரும் தும்மின தும்மலில் அன்றைக்குக் கச்சேரி கலைந்தது.

ஆனால் ஒன்று, இதைப் போன் ஸ்பீக்கரில் கேட்டு வேலையில்லை. மூன்று பேர் வாசிக்கிறார்கள் என்று எழுதியிருந்தாய், எனக்கு இரண்டு பேர்தான் கேட்டது. நிமிர்த்தி வைத்து வாசிக்கிற அந்தப் பெரிய டபுள் பேஸின் கனத்த ஒலி போனில் இருக்கிற சின்ன ஸ்பீக்கரில் வராது. மருமகன் வந்தபோது தந்த ஹெட்செட்டைத் தேடி எடுத்து மாட்டின பிறகுதான் மூன்றாவது ஆள் அறைக்குள் வந்தார். காலபோக நெல் இப்போது குடலையில், கதிர் வெளியில் வர முன்னம் நிற்கிறது, இரவில் பன்றிக் காவலுக்குப் போகவேண்டும், அங்கே ஒரு காதில் மட்டும் போட்டுக்கொண்டு மற்றக் காதை வயலுக்கு விட்டுவிடுவேன். அது அரைவாசிக் கேள்விதான். இரண்டு காதாலும் கேட்டது விடியப்புறம், விறாந்தையில், கொம்மா எழும்ப முன்னம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். எனக்கு இதில் பிடித்தது கிற்றார்காரரை விட அந்தக் கிழவர்தான். ட்ரம்ஸ் வாசிக்கிற யோன் கிறிஸ்டென்சென். நோர்வேக்காரர், 1943 இல் பிறந்தவர், இந்த ஒலிப்பதிவு ஒஸ்லோவில் நடந்தது 2013 நவம்பரில், அப்படியென்றால் அப்போது வயது 70. கிற்றார் வாசிக்கிற யாக்கொப் ப்ரோ 1978 இல் பிறந்த உங்கள் டென்மார்க் ஆள், பேஸ் வாசிக்கிற தோமஸ் மோர்கன் அமெரிக்கர், 1981. பிள்ளைகள் வயதுப் பொடியன்கள் இரண்டு பேரோடு உட்கார்ந்து ஒரு மனிசன் வாசிக்கிறார், ஓரிடத்தில்கூடத் தன் பெருமையைக் காட்டவில்லை. 1974 இல் பியானோக்காரர் கீத் ஜாரெட்டோடு ஒஸ்லோவில் வாசித்துப் பேரெடுத்தவர், அப்போது நான் காற்சட்டைப் பொடியன். அப்படிப்பட்ட ஆள் நினைத்திருந்தால் இரண்டு பேரையும் அடித்து மூடியிருக்கலாம்.

நான் யாழ்ப்பாணம் தட்சிணாமூர்த்தியின் தவிலை றேடியோவில் கேட்டு வளர்ந்தவன் என்று உனக்குத் தெரியும். எங்கள் பக்கத்தில் தாளக்காரன் என்றால் கணக்குத்தான், எத்தனை பின்னினாலும் கடைசியில் சமத்தில் வந்து விழவேண்டும், விழுந்தவுடன் சனம் கை தட்டும். இவர் அந்தக் கணக்கைச் சொல்லவே மாட்டேன் என்கிறார். ஜாஸ் என்றால் சிம்பல் தட்டில் டிங் டிங் என்று ஓடிக்கொண்டிருக்கும் என்று நினைத்துத்தான் நானும் கேட்கத் தொடங்கினேன், இங்கே சிம்பல் தகரக் கூரையில் விழுகிற தூறல் மாதிரி, எங்கே அடுத்தது விழும் என்று சொல்லவே முடியாது, ஆனால் நின்றால் உடனே தெரியும். தாளம் இல்லை என்று சொல்லாதே. தாளம் மூன்று பேருக்குள்ளும் இருக்கிறது, ஒருவரும் வாய்விட்டு எண்ணவில்லை, அவ்வளவுதான்.

ப்ரோவின் கிற்றாரை எனக்கு ராக ஆலாபனையோடு வைத்துத்தான் பார்க்க முடிந்தது, வேறு அளவுகோல் என்னிடம் இல்லை. ஆனால் பிருகா கிடையாது, வேகம் கிடையாது. குழந்தைக்குப் படிக்கிற அளவு எளிய மெட்டு ஒன்றை எடுத்து வைக்கிறார், திரும்ப வைக்கிறார். வாசித்த ஒலியையே கிற்றார் பெடலில் பிடித்துப் பின்னால் ஓடவிட்டு அதன் மேலே தானே வாசிக்கிற இடங்களும் இருக்கின்றன, அதனால்தான் நரம்பைத் தட்டின சத்தம் கேட்காமல் ஒலி மட்டும் எங்கேயோ இருந்து வந்து பரவுகிற மாதிரி இருக்கிறது. மோர்கன் இன்னும் சிக்கனம். ஒரு சுரத்தைப் போட்டுவிட்டு அது முழுக்க அடங்கும்வரை பார்த்துக்கொண்டிருக்கிறார், அடங்கின பிறகும் சிலவேளை ஒன்றும் செய்வதில்லை. முதல் பாட்டில் கிற்றார் ஒதுங்குகிற ஓரிடத்தில் பேஸ் அந்த மெட்டின் வாலைப் பிடித்து இரண்டு மூன்று சுரம் மட்டும் போடும், கவனித்தாயா? அதைத் திரும்பத் திரும்பக் கேட்டேன். தனி ஆவர்த்தனம் என்று ஒருவருக்கும் ஒதுக்கவில்லை, எல்லாரும் எந்நேரமும் மற்ற இரண்டு பேரையும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.

நீ சின்னப்பிள்ளை, ஞாபகம் இருக்குமோ தெரியாது, பற்றரி வன்னிக்குள் விடாத சண்டைக் காலத்தில் நாங்கள் சைக்கிளைக் கவிழ்த்து வைத்து டைனமோவைச் சுற்றித்தான் றேடியோ கேட்டோம். பெரியப்பு பெடலைச் சுற்றுவார், கை சோர்ந்தால் பி.பி.சி தமிழோசை வாசிக்கிறவரின் குரலும் சோரும், பிறகு யாராவது கையை மாற்றுவார்கள், குரல் திரும்ப எழும்பும். செய்தியை விட அந்த ஏற்ற இறக்கம்தான் எனக்கு இப்போது காதில் நிற்கிறது. மெல்லிய சத்தத்தைப் பிடிக்கிற காது அப்படி வந்தது. அதுக்குப் பிறகு வந்த வருடங்களில் அந்தக் காதுக்கு வேறு வேலை இருந்தது, எந்தப் பக்கத்தில் இருந்து வருகிறது, எவ்வளவு தூரம் என்று. அதை இங்கே எழுதவில்லை. அதே காதால் ஒரு சிம்பலின் ஓரம் அதிர்ந்து அடங்குவதைக் கேட்டுக்கொண்டு சும்மா இருக்க முடிகிறதே என்பதுதான் எனக்குப் புதினம்.

வெளியிட்டது ஈ.சி.எம் என்ற ஜெர்மன் நிறுவனம், 1969 இல் மியூனிக்கில் மான்ஃபிரெட் ஐஷர் தொடங்கினது, இன்றைக்கும் அவர்தான் பொறுப்பு. அவர்களுடைய சீடிகளில் முதல் பாட்டு தொடங்க முன்னம் ஐந்து விநாடி வெறும் மௌனம் விடுவார்களாம். இங்கே ஐந்து விநாடி சத்தம் வராவிட்டால் ஆட்கள் டேட்டா முடிந்துவிட்டது என்று ரீலோட் போட ஓடுவார்கள். ஒலிப்பதிவு செய்தவர் யான் எரிக் கொங்ஸ்ஹௌக், ரெயின்போ ஸ்டூடியோக்காரர், ஒவ்வொருவரும் எவ்வளவு தள்ளி உட்கார்ந்திருக்கிறார்கள் என்றுகூடக் கேட்கிறது, சும்மா சொல்லவில்லை. அல்பம் வந்தது 2015 இல். கொங்ஸ்ஹௌக் 2019 இல் போய்விட்டார், கிறிஸ்டென்சென் 2020 பெப்ரவரியில். அதை வாசித்த அன்று கொஞ்சம் மனவருத்தமாகத்தான் இருந்தது, அறிமுகமாகிக் கொஞ்ச நாள்தானே.

எல்லாம் பிடித்தது என்று சொல்லமாட்டேன். நடுவில் சில பாட்டுகள் ஒன்றுக்குள் ஒன்று கரைந்து போகின்றன, எது முடிந்தது எது தொடங்கினது என்று தெரியவில்லை, ஒரே குளிர். ஓரிடத்திலாவது கிழவர் கோபப்பட்டு ஓங்கி ஒன்று போட்டிருக்கலாம் என்று இருந்தது. அதுதான் அழகு என்று நீ சொல்வாய். சொல்லு.

அப்புறம் அந்தப் பெயர். கெஃபியோன் என்ற தெய்வத்தின் கதையைத் தேடி வாசித்தேன், நீ துறைமுகத்துப் பக்கம் நீர்ச்சிலைக்கு முன்னால் நின்று அனுப்பின படம் அவளுடையதுதானே, 1908 இல் கட்டினது. ஒரு பகல் ஒரு இரவுக்குள் நான்கு எருது உழுகிற நிலம் உனக்கு என்று சுவீடன் ராசா சொன்னானாம், இவள் தன்னுடைய நான்கு மகன்மாரையே எருதாக்கிக் கலப்பையில் பூட்டி, நிலத்தையே பெயர்த்துக் கடலுக்குள் இழுத்துக்கொண்டு போனாளாம். அதுதான் நீ இருக்கிற தீவு, பெயர்த்த இடம் சுவீடனில் ஏரியாகிவிட்டது. நிலம் போன இடத்தில் தண்ணி என்றால் எங்களுக்கு நல்ல சந்தோசம், இரணைமடு மாதிரி ஒரு குளம். ஆனால் பெற்ற பிள்ளைகளை எருதாக்கினாளே என்று கொம்மாவிடம் சொன்னேன். "நாங்கள் மட்டும் என்ன செய்தனாங்கள்?" என்று கேட்டா. எனக்குப் பதில் வரவில்லை. உன் இரண்டு வேலையும், நீ மாதாமாதம் அனுப்புகிறதும், தம்பியின் படிப்பும், வீட்டுக் கூரையும்.

அதனால் இந்த மாதமும் அடுத்த மாதமும் காசு அனுப்பாதே. அறுவடை மெசினுக்கு நான் பார்த்துக்கொள்வேன், நெல் விலை எப்படிப் போனாலும். நீ சனிக்கிழமை வேலையை விடலாமா என்று அவர்களிடம் கேட்டுப் பார், விட்டால் நித்திரை கொள், அல்லது சும்மா இரு.

இதே மூன்று பேரும் ஒரு ட்ரம்பெட்காரரோடு சேர்ந்து 2018 இல் இன்னொரு அல்பம் விட்டிருக்கிறார்களாம், அதையும் அனுப்பு, எனக்குத் தேடத் தெரியவில்லை, தம்பி பிறகு பிறகு என்கிறான். ப்ரோ உங்கள் ஊரில் எங்கேயாவது வாசித்தால் டிக்கெட் எடுத்துப் போய் முன்வரிசையில் இருந்து கேட்டுவிட்டு எனக்கு எழுது, முக்கியமாக சத்தம் எவ்வளவு, பேஸ் உண்மையிலேயே அவ்வளவு மெல்லிசாகத்தான் வாசிக்கிறாரா என்று. மருமகனையும் கூட்டிக்கொண்டு போ. அவர் குறட்டை விடாமல் மட்டும் பார்த்துக்கொள்.

அன்புடன்,
அப்பா