கல்லுக்கட்டில் இருந்து மார்க் போடும் அண்ணன் தம்பிமாருக்கு

நோர்வூட் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில் நம்ம பையன்களின் ஃபுட்போல் பயிற்சி முகாமுக்குத் தண்ணீர்ப் போத்தல் தூக்குகிறவன் நான். மூட்டு போகும் வரைக்கும் ரைட் பேக் ஆடினவன். உங்களிடமும் உங்கள் அப்பாமாரிடமும் வாங்காத ஏச்சு இல்லை. அதனால் ஏசுவதே தப்பு என்று சொல்ல வரவில்லை. லீக் தொடங்கட்டும், தாராளமாக ஏசுங்கள். முகாமில் பயிற்சி ஆட்டத்தைப் பார்த்தே பையன்களுக்கு மார்க் போட்டு ஏசினதுக்குத்தான் இந்த மடல்.

போன சனிக்கிழமை கீப்பரின் கையிலிருந்து பந்து நழுவி கோலுக்குள் போனது. அதை உங்களில் ஒருவர் ஃபோனில் பிடித்து, 'ஓட்டைக் கையன்' என்று எழுதி வட்ஸ்அப்பில் விட்டார். பொழுது சாய்வதற்குள் கொழும்பில் கடையில் நிற்கும் அவனுடைய அண்ணன் வரைக்கும் அது போய்விட்டது.

அந்தக் கையை நான் கிட்டத்தில் பார்த்தேன். அந்தக் கிழமை முழுக்க அவனுக்குக் கவ்வாத்து, தேயிலைச் செடியை வெட்டிவிடுகிற வேலை. கத்திப்பிடி உரசி உள்ளங்கையில் இரண்டு கொப்பளம் உடைந்து, தோல் சுருண்டு கிடந்தது. பிளாஸ்டர் ஒட்டினேன், மழையில் அஞ்சு நிமிசம் நிற்கவில்லை. கிளவுஸும் விரல் நுனியில் கிழிந்தது. "கோச்சுக்குச் சொல்லிராதீங்கண்ணே" என்றான். நானும் சொல்லவில்லை, ஆட்டம் முடிந்த பிறகுதான் சொன்னேன். அந்தக் கோலில் பாதி என் கணக்கில் எழுதுங்கள்.

சென்டர் ஃபோர்வர்ட் கோலுக்கு நேரே நின்றுகொண்டு பந்தைப் பின்னால் தட்டிவிட்டதுக்கு 'பயந்தாங்கொள்ளி' என்று கத்தினீர்களே, அன்றைக்கு அவனுக்குக் கொடுத்த வேலையே அதுதான். இரண்டு தொடுதலுக்கு மேல் கூடாது, பந்து பக்கவாட்டிலிருந்து வராமல் ஷொட் அடிக்கக் கூடாது என்று கோச் சொல்லியிருந்தார். சொன்னதைக் கேட்டு ஆடினவனுக்கு நீங்கள் பத்துக்கு மூன்று போட்டீர்கள். மூன்று பேரை வெட்டிக்கொண்டு தனியே ஓடினானே ஒருத்தன், அவனுக்கு ஒன்பது. அவனைத்தான் கோச் இடைவேளையில் கூப்பிட்டு வாங்கு வாங்கென்று வாங்கினார். நீங்கள் அப்போது பிளேன்டீ குடிக்கப் போயிருந்தீர்கள்.

வியாழக்கிழமை, காலையில் வேலைக்குப் பேர் கூப்பிடுகிற பிரட்டுக்களத்துப் படியில் அவர்களை இருபது தரம் ஏற்றி இறக்கினோம். கடும் பயிற்சியின் தசைவலி அன்றைக்கே தெரியாது. ஒரு நாள், இரண்டு நாள் கழித்துத்தான் நன்றாகப் பிடிக்கும். சனிக்கிழமை நீங்கள் பார்த்தது அந்தக் கால்களை. முதல் இரண்டு கிழமையில் வேகம் குறையும் என்று தெரிந்துதான் ஓடவிடுகிறோம்.

உங்களில் பாதிப் பேர் லிவர்பூல் ஆட்கள், உங்களுக்கே தெரிந்த கதை இது. 2016 ஆகஸ்ட் 6, சீசனுக்கு முந்திய ஆட்டம், வெம்ப்லியில் பார்சலோனாவை 4–0 என்று வென்றார்கள். மறுநாளே ஜெர்மனியில் மைன்ஸிடம் 0–4 என்று தோற்றார்கள். இரண்டு நாளைக்கும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள்தான், ஆனாலும் அந்த இரண்டு நாளை வைத்து யார் எந்த முடிவுக்கு வந்திருக்க முடியும்? அடுத்த ஞாயிறு லீக் முதல் மெட்ச்சில் ஆர்சனலை அவர்களுடைய கிரவுண்டிலேயே 4–3 என்று வென்றார்கள்.

மெஞ்சஸ்டர் யுனைடெட்காரர்கள் உடனே ரொனால்டோவை இழுப்பீர்கள். 2003 ஆகஸ்டில் அவர் ஆடிய ஸ்போர்ட்டிங் லிஸ்பன் யுனைடெட்டை 3–1 என்று வென்ற அந்த ஒரு நட்பு ஆட்டத்தைப் பார்த்துத்தானே வாங்கினார்கள் என்று. சரி, ஆனால் அதற்கு முந்தியே அவர் மேல் அவர்களுக்குக் கண் இருந்தது. அதுவும் போக, பார்த்தவர் யுனைடெட்டின் அப்போதைய மனேஜர் ஃபெர்குசன்.

ஒன்றில் நீங்கள் சொன்னது சரி. நம் இடது பக்கம் திறந்து கிடக்கிறது. லெஃப்ட் பேக் மேலே ஏறினால் பின்னால் மூட ஆள் இல்லை. பெரியவர் ஒருவர் குடைக்கம்பால் மண்ணில் கீறிக் காட்டியதை நான் கோச்சிடம் அப்படியே சொன்னேன், அவரும் ஒத்துக்கொண்டார். அது இரண்டு நாள் ஆட்டத்தில் தெரிகிற குறை, ஒரு பையனின் தரம் அப்படித் தெரியாது.

அந்த வீடியோவை எடுத்தவர் அழித்துவிட வேண்டும். யாரென்று எனக்குத் தெரியும், பெயர் எழுதவில்லை.

வருகிற ஞாயிறு மூன்று மணிக்கு நமக்குள்ளேயே இரண்டு டீமாகப் பிரிந்து ஆடுகிறோம். கல்லுக்கட்டை விட்டு இறங்கி வாருங்கள். கீழ்க் கோலுக்குப் பின்னால் தேயிலைக்குள் போகிற பந்தை எடுத்துப்போட நாலு பேர் வேண்டும். அட்டை கடிக்கும், சவர்க்காரமும் உப்பும் நான் கொண்டுவருகிறேன். ஒன்பதாம் சைஸ் கீப்பர் கிளவுஸ் கிழியாமல் யார் வீட்டிலாவது கிடந்தால் அதையும் எடுத்துவாருங்கள்.

தண்ணீர்ப் போத்தல்காரன்